செலான் ஏபிகே-யைத் திறந்துவிட்டீர்களா? முதலில் பணம், அப்புறம் போன்

ராயக்கோட்டையிலோ பாலக்கோட்டிலோ தக்காளி ஏற்றிக்கொண்டு அத்திப்பள்ளி தாண்டிப் பெங்களூரு போகும் டெம்போக்காரருக்குப் போக்குவரத்து அபராதச் செலான் வருவது புதிதல்ல. கேமராவில் சிக்கினால் குறுஞ்செய்தி வரும், கட்டிவிட்டுப் போவார். அதனால்தான் வாட்ஸ்அப்பில் "ஆர்டிஓ இ-செலான்" என்று ஒரு ஃபைல் வந்ததும் விரல் யோசிக்காமல் அதைத் தொட்டுவிடுகிறது. இதே ஃபைல் விவசாயிக்கு "பிஎம் கிசான்" என்று வரும், முகூர்த்த மாதத்தில் கல்யாணப் பத்திரிகையாக வரும், மற்றவர்களுக்கு "கேஒய்சி அப்டேட்" என்று வரும். பெயர் மாறினாலும் வால் மாறாது. பெயருக்குப் பின்னால் ஒரு புள்ளி, அதன்பின் ஏபிகே என்ற மூன்று ஆங்கில எழுத்து. பத்திரிகை என்றால் ஜேபிஜி-யாக வரும், ரசீது என்றால் பிடிஎஃப்-ஆக வரும். ஏபிகே என்பது படமும் அல்ல, கடிதமும் அல்ல. ஆண்ட்ராய்டு போனில் ஓர் ஆப்பை நிறுவும் பொதி அது.

அனுப்பியவர் தெரிந்தவராயிற்றே என்று நம்பிவிட வேண்டாம். இந்த ஆப் புகுந்த போனிலிருந்து அவருடைய தொடர்பில் உள்ள எல்லோருக்கும் அதே ஃபைல் அவர் பெயரிலேயே போகும். மாமா அனுப்பியது போலத் தெரியும், அனுப்பியதே மாமாவுக்குத் தெரிந்திருக்காது.

உள்ளே போனதும் என்ன செய்கிறது என்று தெரிந்தால்தான், கீழே சொல்லும் வேலைகளை ஏன் அந்த வரிசையில் செய்யச் சொல்கிறோம் என்பது புரியும். பெரும்பாலும் இது இரண்டு அடுக்கு. முதலில் திறக்கும் ஆப் ஒன்றும் செய்யாது, "அப்டேட் செய்யவும்" என்று ஒரு பக்கத்தை மட்டும் காட்டும். அதை அழுத்தி, தெரியாத இடத்திலிருந்து நிறுவ அனுமதி கொடுத்ததும் இரண்டாவது ஆப் இறங்கும். அதற்கு முகப்பில் ஐகானே இருக்காது. எஸ்எம்எஸ் படிக்க, அனுப்ப, நோட்டிஃபிகேஷன் பார்க்க, பேட்டரி கட்டுப்பாடு இல்லாமல் பின்னணியில் ஓட என்று ஒவ்வொன்றாக அனுமதி கேட்கும். கடைசியில் அபராதம் கட்டும் பக்கம் போல ஒன்று வந்து, ஒரு ரூபாய் கட்டுங்கள் என்று ஏடிஎம் கார்டு எண், காலாவதி தேதி, சில சமயம் பின் நம்பர் வரை கேட்கும்.

ஒரு ரூபாய் அவர்களுக்குப் பொருட்டே அல்ல. டெபிட் கார்டின் கடைசி ஆறு எண், காலாவதி மாதம்-வருடம், ஒரு ஓடிபி, இந்த மூன்றும் இருந்தால் யுபிஐ பின்னைப் புதிதாக வைத்துவிடலாம். முதல் இரண்டையும் அந்தப் பக்கத்தில் நீங்களே தட்டச்சு செய்கிறீர்கள். மூன்றாவது உங்கள் இன்பாக்ஸுக்கு வந்த நொடியே ஆப் அதைப் படித்து வெளியே அனுப்பிவிடுகிறது. யுபிஐ பதிவுக்கு உங்கள் சிம்மிலிருந்து ஒரு எஸ்எம்எஸ் போக வேண்டும். அதையும் உங்கள் போனையே கொண்டு அனுப்ப முடியும். "நான் யாருக்கும் ஓடிபி சொல்லவே இல்லையே" என்று பணத்தை இழந்தவர் சொல்வது பொய்யல்ல. சொல்ல வேண்டிய தேவையே இல்லாதபடி செய்யப்பட்ட வேலை இது.

உத்தி பழையது. வருமான வரி ரீஃபண்ட் என்ற பெயரில் வந்த ட்ரினிக் என்ற திருட்டு ஆப் பற்றி மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2021 செப்டம்பரிலேயே எச்சரித்தது. 27-க்கும் மேற்பட்ட இந்திய வங்கிகளின் வாடிக்கையாளர்களை அது குறிவைத்திருந்தது. அடுத்த ஆண்டு செப்டம்பரில் எச்சரிக்கப்பட்ட சோவா என்ற ஆப் இன்னும் மோசம். நீக்கப் போனால் முகப்புத் திரைக்குத் தள்ளிவிட்டு, இந்த ஆப் பாதுகாக்கப்பட்டது என்று ஒரு வரி காட்டும்.

முதல் பத்து நிமிடம்

ஆப்பை நீக்குவது முதல் வேலை அல்ல. பலர் இங்குதான் தவறுகிறார்கள். அரை மணி நேரம் போனோடு மல்லுக்கட்டுவார்கள், அதற்குள் கணக்கு காலியாகிவிடும். ஆப்பை நீக்கினாலும் ஏற்கெனவே வெளியே போன கார்டு எண் திரும்பி வராது.

ஃப்ளைட் மோடு போடுங்கள். ஃப்ளைட் மோடு போட்டாலும் சில போன்களில் வைஃபை அணையாது, அதைத் தனியாகப் பார்த்து அணையுங்கள். பிறகு சிம்மைக் கழற்றி வேறு போனில் போடுங்கள். பட்டன் போன் இருந்தால் அதுதான் சிறந்தது. இனி வரும் ஓடிபி-யும் வங்கி அழைப்பும் திருடன் உட்கார்ந்திருக்கும் போனுக்குப் போகாது, உங்கள் கைக்கு வரும்.

இங்கே இரண்டு சிக்கல் வரும். ஸ்மார்ட்போனின் நானோ சிம் பழைய பட்டன் போனின் பெரிய குழியில் நிற்காது. செல்போன் கடையில் கிடைக்கும் பிளாஸ்டிக் சிம் அடாப்டரில் பொருத்திப் போட வேண்டும். அடாப்டர் இல்லாமல் வெறும் சிம்மைத் தள்ளினால் உள்ளே மாட்டிக்கொள்ளலாம். இரண்டாவது, ஜியோ சிம் 2ஜி பட்டன் போனில் வேலையே செய்யாது. ஜியோபோன், ஜியோபாரத் போன்ற 4ஜி கருவி வேண்டும், அல்லது வீட்டில் இன்னொருவரின் ஸ்மார்ட்போன். இரண்டு சிம் இருந்தால் வங்கியில் பதிந்த எண் எதுவோ அதை முதலில் மாற்றுங்கள்.

அடுத்தது வங்கி. ஏடிஎம் கார்டின் பின்புறத்தில் அச்சிட்டிருக்கும் எண்ணுக்கே பேசுங்கள். கூகுளில் "கஸ்டமர் கேர்" என்று தேடாதீர்கள், அங்கே போலி எண்கள் வரும். ஏற்கெனவே பதறியிருப்பவரைப் பிடிக்கவே அவை போடப்பட்டிருக்கின்றன. வங்கியிடம் மூன்றைத் தனித்தனியாகச் சொல்லிக் கேளுங்கள்: கார்டை பிளாக் செய்ய, நெட் பேங்கிங்கையும் மொபைல் பேங்கிங்கையும் நிறுத்த, யுபிஐ-யை நிறுத்த. கார்டை மட்டும் பிளாக் செய்தால் யுபிஐ தானாக நின்றுவிடாது. பணம் போய்க்கொண்டே இருந்தால் கணக்குக்கு "டெபிட் ஃப்ரீஸ்" கேளுங்கள். பணம் வரும், வெளியே போகாது. புகார் எண்ணையும் மணியையும் ஒரு தாளில் குறித்துவையுங்கள். கிளை திறந்திருக்கும் நேரமென்றால் ஒருவர் போனில் பேச, இன்னொருவர் பாஸ்புக்கோடு கிளைக்குப் போகலாம்.

ஒரு ரூபாயாவது போயிருந்தால் உடனே சைபர் மோசடிக்கான உதவி எண் 1930-ஐ அழையுங்கள். அழைக்கும் முன் கணக்கு எண், போன தொகை, தேதி, நேரம், 12 இலக்க யுபிஐ பரிவர்த்தனை எண் ஆகியவற்றைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். வங்கிக் குறுஞ்செய்தியில் அந்த எண் இருக்கும். திருடிய பணம் ஒரே கணக்கில் நிற்பதில்லை. வாடகைக்கு எடுத்த கணக்குகளுக்குள் தாவிக்கொண்டே போகும். அது ஏடிஎம்-மில் நோட்டாக மாறும் முன் புகார் போய்ச் சேர்ந்தால், எந்தக் கணக்கில் நிற்கிறதோ அங்கேயே நிறுத்திவைக்க முடியும். தாமதித்தால் அந்த வாய்ப்பும் போய்விடும். அன்றைக்கே சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்தில் முழுப் புகாரையும் பதிவு செய்யுங்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் தனி சைபர் கிரைம் காவல் நிலையம் உண்டு, நேரிலும் கொடுக்கலாம்.

அழிக்கும் முன் படம் எடுங்கள்

போனைச் சுத்தம் செய்யும் முன் இன்னொரு போனால் அதன் திரையைப் படமெடுத்து வையுங்கள். ஃபைல் வந்த வாட்ஸ்அப் உரையாடல், அனுப்பியவரின் எண்ணும் நேரமும், டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் உள்ள ஃபைலின் முழுப் பெயர், வங்கிக் குறுஞ்செய்திகள், இவை போதும். ஃப்ளைட் மோடிலும் வாட்ஸ்அப் பழைய செய்திகளைக் காட்டும். செல்போன் கடையில் கொடுத்தால் முதலில் ரீசெட்தான் போடுவார்கள். போனில் இருந்த சான்று அதோடு போய்விடும்.

ஆப்பை வெளியேற்றுவது

சேஃப் மோடில் போனைத் திறக்க வேண்டும். அந்த நிலையில் போனோடு வந்த ஆப்கள் மட்டுமே ஓடும், பின்னால் நிறுவியவை தூங்கும். திருட்டு ஆப்பும் தூங்கும். பல போன்களில் முறை ஒன்றுதான். பவர் பட்டனை அழுத்திப் பிடித்தால் திரையில் பவர் ஆஃப் என்று வரும். அதைத் தட்டாமல், விரலை அதன்மேல் இரண்டு மூன்று விநாடி அப்படியே வைத்திருங்கள். சேஃப் மோடு வேண்டுமா என்று கேட்கும். அப்படிக் கேட்காத போன்களில் அணைத்துவிட்டுத் திரும்பப் போடுங்கள், கம்பெனிச் சின்னம் தெரிந்ததும் வால்யூம் குறைக்கும் பட்டனை அழுத்திப் பிடியுங்கள். திரையின் கீழ் மூலையில் சேஃப் மோடு என்று எழுத்து தெரிந்தால் சரி. வாட்ஸ்அப், கூகுள் பே எல்லாம் மங்கலாகவோ காணாமலோ போயிருக்கும். அழிந்துவிடவில்லை, திரும்ப வந்துவிடும்.

செட்டிங்ஸின் மேலே தேடும் பெட்டி இருக்கிறது. ரெட்மியில் ஒரு இடம், சாம்சங்கில் ஒரு இடம், விவோவில் வேறு இடம் என்று அலைவதைவிட அதில் தேடுவதே எளிது. முதலில் ஆக்ஸசிபிலிட்டி. தமிழில் வைத்திருக்கும் போனில் "அணுகல்தன்மை" என்றோ "மாற்றுத்திறன் வசதி" என்றோ இருக்கும். பார்வை குறைந்தவர்களுக்குத் திரையைப் படித்துக் காட்ட வந்த நல்ல வசதி இது. இதே அனுமதி கிடைத்தால் திருட்டு ஆப் உங்கள் திரையைப் படிக்கும், உங்களுக்குப் பதிலாகத் தானே பட்டனை அழுத்தும், நீங்கள் நீக்கப் போனால் செட்டிங்ஸையே மூடும். அங்கே பதிவிறக்கிய ஆப்கள் என்ற பட்டியலில் நீங்கள் அறியாத பெயர் ஆன் ஆகியிருந்தால் அணையுங்கள்.

அடுத்து டிவைஸ் அட்மின் ஆப்ஸ், அதாவது போனை நிர்வகிக்கும் அதிகாரம் பெற்ற ஆப்களின் பட்டியல். நீக்கும் பட்டன் மங்கிப்போய் அழுத்த முடியாமல் இருந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். டிக் எடுத்து, செயலிழக்கச் செய்யுங்கள். "ஃபைண்ட் மை டிவைஸ்" அல்லது "ஃபைண்ட் ஹப்" என்ற கூகுளின் வசதி அங்கே இருந்தால் அது இருக்கட்டும், தொலைந்த போனைக் கண்டுபிடிக்க வேண்டியது. நோட்டிஃபிகேஷன் அக்ஸஸ், மற்ற ஆப்களின் மேல் தோன்றும் அனுமதி, இயல்பான எஸ்எம்எஸ் ஆப் எது என்பது, இந்த மூன்றையும் இதேபோலத் தேடிச் சரிபாருங்கள். இணையப் போக்கை வேறு வழியாகத் திருப்பும் விபிஎன் பட்டியலையும் விட்டுவிடாதீர்கள். ஆப்களைச் சோதிக்கும் கூகுளின் ப்ளே புரொடெக்ட் வசதி கூகுளோடு பேச முடியாதபடி போலி விபிஎன் ஒன்றைப் போட்டு மறிக்கும் ஆப்கள் உண்டு.

இப்போது ஆப்கள் பட்டியல். எல்லா ஆப்களையும் காட்டச் சொல்லி, நிறுவிய தேதி வரிசையில் அடுக்குங்கள். ஃபைல் வந்த நாளில் நிறுவப்பட்டவை மேலே நிற்கும். ஒன்று அல்ல, இரண்டைத் தேடுங்கள். ஒன்று "இ-செலான்" என்ற பெயரில் வெளிப்படையாக இருக்கும். இன்னொன்று பெயரே இல்லாமல் வெற்றிடமாகவோ, பச்சை ரோபோ ஐகானோடோ, "கூகுள் ப்ளே சர்வீஸ்", "சிஸ்டம் அப்டேட்" என்று கௌரவமான பெயரிலோ ஒளிந்திருக்கும்.

உண்மையான கூகுள் ஆப்பையும் போலியையும் பிரிக்க ஒரு வழி உண்டு. ஆப்பின் தகவல் பக்கத்தைத் திறங்கள். போனோடு வந்த உண்மையான சிஸ்டம் ஆப்பில் "டிஸேபிள்" தான் இருக்கும், அதுவும் பல சமயம் மங்கியிருக்கும். "அன்இன்ஸ்டால்" என்று பட்டன் இருந்தால் அது பின்னால் வந்தது. பக்கத்தின் அடியில் பல போன்களில் எங்கிருந்து நிறுவப்பட்டது என்ற வரியும் இருக்கும். ப்ளே ஸ்டோர் என்று இல்லாமல் பேக்கேஜ் இன்ஸ்டாலர் என்றிருந்தால் சந்தேகமே வேண்டாம். இரண்டையும் நீக்குங்கள். ஒன்றை மட்டும் நீக்கினால் மற்றது அதைத் திரும்ப இறக்கலாம்.

ஃபைல்ஸ் ஆப்பில் டவுன்லோட்ஸையும் வாட்ஸ்அப் டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரையும் திறந்து ஏபிகே ஃபைலை அழியுங்கள். குழந்தை விளையாடும்போது இன்னொரு முறை தொட அது காத்திருக்கக் கூடாது. "தெரியாத ஆப்களை நிறுவுதல்" என்று தேடி வாட்ஸ்அப், குரோம், ஃபைல்ஸ் மூன்றுக்கும் அனுமதியை எடுங்கள். நமக்குத் தேவையான ஆப் எல்லாமே ப்ளே ஸ்டோரில் கிடைக்கிறது. இந்த ஒரு சுவிட்ச் அணைந்திருந்தால், ஃபைலைத் தொட்டாலும் போன் நிறுத்திக் கேட்கும்.

போனைச் சாதாரணமாக மீண்டும் போட்டு, சிம் இல்லாமல் வைஃபை மட்டும் இணைத்து, ப்ளே ஸ்டோரில் உங்கள் படத்தைத் தொட்டு ப்ளே புரொடெக்ட் ஸ்கேன் ஓட்டுங்கள். அணைக்கப்பட்டிருந்தால் ஆன் செய்யுங்கள். பிறகு ஆக்ஸசிபிலிட்டியையும் ஆப் பட்டியலையும் மறுபடி ஒருமுறை பாருங்கள். நீக்கியது திரும்ப வந்திருந்தால் தயங்காமல் ஃபேக்டரி ரீசெட். எங்கள் கருத்தைக் கேட்டால், கார்டு விவரம் கொடுத்திருந்தாலோ ஆக்ஸசிபிலிட்டி அனுமதி கொடுத்திருந்தாலோ, ஆப் நீங்கிவிட்டது போலத் தெரிந்தாலும் ரீசெட் செய்வதே நல்லது. ஒரு மாலை நேரம் செலவாகும், வேறு பெரிய நஷ்டம் இல்லை.

ரீசெட்டுக்கு முன் போட்டோ, வீடியோ, தொடர்பு எண்கள் மட்டும் எடுத்துவையுங்கள். ஒரு போனிலிருந்து இன்னொன்றுக்கு எல்லாவற்றையும் நகலெடுக்கும் க்ளோன் ஆப்களைப் பயன்படுத்த வேண்டாம். அவை திருட்டு ஆப்பையும் சேர்த்து நகலெடுக்கலாம். போனில் உள்ள ஜிமெயில் முகவரியும் பாஸ்வேர்டும் தெரியுமா என்று முன்பே பாருங்கள். ரீசெட்டுக்குப் பின் போன் அதைக் கேட்டால், தெரியாதவர் வெளியே நிற்க வேண்டியதுதான். ஊரில் பலருக்கு ஜிமெயிலைத் திறந்து கொடுத்தது போன் விற்ற கடைக்காரராக இருப்பார்.

போன் சுத்தமானபின்

பாஸ்வேர்டுகளைச் சுத்தமான போனிலிருந்தே மாற்றுங்கள். முதலில் ஜிமெயில், ஏனென்றால் மற்ற எல்லாப் பாஸ்வேர்டையும் மீட்கும் சாவி அங்கேதான் வருகிறது. மாற்றியதும் "உங்கள் சாதனங்கள்" பக்கத்தில் தெரியாத கருவிகளை வெளியேற்றுங்கள். பிறகு நெட் பேங்கிங், புதிய ஏடிஎம் கார்டு, புதிய பின். யுபிஐ-யைப் புதிதாகப் பதிந்தால் ஆண்ட்ராய்டில் முதல் 24 மணி நேரத்துக்கு 5,000 ரூபாய் வரைதான் அனுப்ப முடியும். மண்டியில் கொடுக்கல் வாங்கல் இருப்பவர்கள் அதற்கேற்பப் பணம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

*#21# என்று டயல் செய்து, உங்கள் அழைப்புகள் வேறு எண்ணுக்குத் திருப்பப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஓடிபி அழைப்பாகவும் வரும் என்பதால் இதைத் திருடர்கள் விடுவதில்லை. ##002# எல்லாத் திருப்பலையும் நீக்கும். வாட்ஸ்அப்பில் இணைக்கப்பட்ட சாதனங்கள் பட்டியலைக் காலி செய்து, இரண்டு படி சரிபார்ப்புக்கு ஆறு இலக்கப் பின் வையுங்கள்.

கடைக் கம்ப்யூட்டர்

புளி மண்டியிலும் மாங்கூழ் ஆலை அலுவலகத்திலும் கணக்குப் பார்க்கும் கம்ப்யூட்டரில்தான் நடப்புக் கணக்கின் நெட் பேங்கிங் திறக்கிறது. போனில் இருப்பதைவிடப் பெரிய தொகை அங்கே இருக்கும். அங்கே திருடன் வரும் வழி பெரும்பாலும் காசு கொடுக்காமல் போடும் கிராக் சாஃப்ட்வேர் (திருட்டுப் பதிப்பு), இல்லையென்றால் இன்வாய்ஸ் என்று வரும் இமெயில் இணைப்பு. 2007-இல் வெளிப்பட்ட ஜீயஸ் என்ற திருட்டு சாஃப்ட்வேர் முதல் இந்த வகைகள், பிரவுசருக்குள்ளேயே உட்கார்ந்து நீங்கள் நிரப்பும் படிவத்தை அப்படியே எடுக்கும். அதனால் திரைக் கீபோர்டில் தட்டினாலும் தப்பிக்க முடியாது.

நெட் கேபிளைக் கழற்றிவிட்டு, விண்டோஸ் செக்யூரிட்டியில் வைரஸ் பகுதிக்குள் ஸ்கேன் ஆப்ஷன்ஸ் போய் டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேனைத் தேர்ந்தெடுங்கள். கம்ப்யூட்டர் அணைந்து, விண்டோஸ் எழும் முன்பே ஸ்கேன் ஓடும். சுமார் 15 நிமிடம். விண்டோஸ் ஓடும்போது ஒளிந்துகொள்ளும் வைரஸ் அப்போது ஒளிய முடியாது. வேறு இடத்திலிருந்து கம்ப்யூட்டரை இயக்க யாரோ எப்போதோ போட்ட எனிடெஸ்க், டீம்வியூவர் இருந்தால் நீக்குங்கள். பிரவுசரில் தெரியாத எக்ஸ்டென்ஷன்களையும், சேமித்து வைத்த வங்கிப் பாஸ்வேர்டுகளையும் அழியுங்கள். விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. இன்னும் அதிலேயே வங்கி வேலை பார்ப்பவர்கள் மாறிக்கொள்வது அவசரம்.

பணம் திரும்புமா

ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 சுற்றறிக்கையில் வகுத்த விதிப்படி, உங்கள் தவறும் வங்கியின் தவறும் இல்லாத மோசடியை மூன்று வேலை நாளுக்குள் தெரிவித்தால் உங்களுக்கு இழப்பு இல்லை. செய்தி வந்த நாள் கணக்கில் சேராது. நான்கு முதல் ஏழு வேலை நாள் என்றால் சாதாரண சேமிப்புக் கணக்குக்கு 10,000 ரூபாய் வரை உங்கள் பொறுப்பு. நீங்களே விவரத்தைக் கொடுத்த கவனக்குறைவு என்று வங்கி சொன்னால், புகார் செய்யும்வரை போனது உங்கள் நஷ்டம், புகாருக்குப் பின் போவது வங்கியின் நஷ்டம். அந்தக் கவனக்குறைவை நிரூபிக்க வேண்டியது வங்கி. தாளில் குறித்த மணிக்கு இங்கேதான் மதிப்பு. கிளையில் எழுத்துப் புகார் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். "ஓடிபி சொல்லிவிட்டேன்" என்று பொதுவாக எழுத வேண்டாம். எந்த ஃபைலைத் திறந்தீர்கள், எந்த ஆப் எஸ்எம்எஸ் படித்தது என்று நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரான ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம், 14448-இல் வழி கேட்கலாம்.

உண்மையிலேயே செலான் இருக்கிறதா என்ற கவலை இருந்தால், பரிவாகன் இ-செலான் தளத்தில் நீங்களே வண்டி எண் போட்டுப் பாருங்கள். ஆர்சி புக்கைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், சேசிஸ் அல்லது எஞ்சின் எண்ணின் கடைசி இலக்கங்களைக் கேட்கும். கிசான் தவணையையும் இதேபோல பிஎம் கிசான் தளத்திலேயே பார்க்கலாம்.

இன்னும் ஒரு வேலை மிச்சம். உங்கள் எண்ணிலிருந்து அந்த ஃபைல் யார் யாருக்குப் போயிருக்கிறது என்று வாட்ஸ்அப்பில் பாருங்கள். ஊர்க் குழு, சங்கக் குழு, சம்பந்தி வீட்டுக் குழு எல்லாவற்றிலும் "எல்லோருக்கும் நீக்கு" கொடுங்கள். பிறகு எழுத்தில் போடாமல் உங்கள் குரலிலேயே பதிந்து அனுப்புங்கள்: "என் நம்பர்ல இருந்து வந்த ஃபைலைத் திறக்காதீங்க. திறந்திருந்தா உடனே ஃப்ளைட் மோடு போட்டுட்டு, வேற போன்ல இருந்து பேங்குக்குப் பேசுங்க." வயதானவர்களுக்கு நேரடியாகவே போன் போட்டுச் சொல்லிவிடுங்கள்.